யானை கணக்காக உட்கார்ந்த குதிரை

நேற்று மகள் தன் பொம்மைக்குக் குதிரை செய்ய, கம்பியில் ஈரக் கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்த வாடை என்னைச் சின்னக்கானல் தேயிலைத் தோட்டத்தில் இடித்துப்போட்ட எங்கள் லயத்து வீட்டுக்கே இழுத்துப் போய்விட்டது. அங்கே அம்மா கொழுந்தெடுக்கப் போர்த்திப் போகும் கம்பளி மழையெல்லாம் குடித்துவிட்டு வந்து அடுப்புக்கு மேலே சொட்டச் சொட்டக் காயும். அதன் கிழிந்த ஓரத்தை வெட்டித்தான் அக்காவும் நானும் கம்பிக் குதிரைக்கு உடம்பு சுற்றி, அம்மாவின் சீப்பில் சிக்கிய முடியை வாலாக்கினோம்.

பக்கத்து வீட்டுப் பொம்மைக்கும் எங்கள் பொம்மைக்கும் கல்யாணம். மாப்பிள்ளை குதிரையில்தான் வருவார் என்று அக்கா சொல்லித் தொலைத்திருந்தாள். அவர் ஏறுவதற்குக் குதிரை உட்கார வேண்டுமே! நாங்கள் குதிரையைக் கண்டதில்லை, சரிவில் யானை உட்கார்ந்து வழுக்கி இறங்குவதைத்தான் பார்த்திருக்கிறோம். அதேபோலப் பின்னங்கால்களை முன்பக்கமாக மடக்கினோம்.

“என்னட்டி, குதிரை யானை கணக்கா உக்காருது?” என்று அம்மா சிரித்தாள்.

“மாப்பிள்ள விழலல்லா, போதும்” என்றாள் அக்கா.

நேற்றும் என் கை குதிரையின் காலை அப்படியே மடக்கிவிட்டது. மகள் போனில் குதிரைப் படம் பார்த்து, “தப்பும்மா” என்றாள். பிறகு தலையணைச் சரிவில் விட்டுப் பார்த்தாள். பொம்மையைச் சுமந்தபடி, குதிரை உட்கார்ந்தே வழுக்கி இறங்கியது.

“கால் இப்படியே இருக்கட்டும்மா.”