பன்னிரண்டு மணி என்று மூன்று முறை சொன்னவர்

என் அத்தான் சந்தியாகுவின் வீடியோ ஒன்று ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறது. முப்பது நொடிதான். படகில் நின்றுகொண்டு சிரித்த முகத்தோடு இந்தியில் சொல்கிறார்: கடல் எங்கே போனதென்றே தெரியவில்லை, படகு சேற்றில் கிடக்கிறது, நான் முட்டாள் மாதிரி நிற்கிறேன். இந்த ஆளை நம்பியா இருபத்திரண்டு பேரைத் தீவுக்குக் கூட்டிப் போனார்கள் என்று பார்த்தவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். கேட்பவர் ஒவ்வொருவரிடமும் போய்ச் சண்டை போட எனக்கு வாய் ஒன்றுதான் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் என் அக்கா ஜெயசீலியின் புருஷன். திருநெல்வேலிக்குத் தெற்கே கடற்கரை ஊர். அப்பா, தாத்தா எல்லாரும் கட்டுமரம் போட்டவர்கள். தொண்ணூற்றொன்றில் இருபத்திரண்டு வயதில் தாராவிக்கு வந்து வெல்டர் ஆனார். இன்றும் நைன்ட்டி ஃபீட் ரோட்டுக்குப் பின்னால் ஒரு பட்டறையில் கேட்டும் கிரில்லும் பற்றவைக்கிறார். ஆறு நாள் நெருப்பில் கிடப்பார். ஏழாம் நாள் விடிகாலைப் பூசை முடிந்ததும் பஸ் பிடித்து, செம்பூருக்கு அந்தப் பக்கம் கோளி மீனவர்கள் குடியிருக்கும் கோளிவாடாவுக்குப் போய், மீன்காரச் சிநேகிதர்களின் படகில் ஏறிவிடுவார்.

பம்பாயைச் சுற்றி என்னென்ன தீவு இருக்கிறது என்று கேட்டால் எல்லாரும் எலிபெண்டா என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். அத்தான் நிறுத்த மாட்டார். கலங்கரை விளக்கத்தைத் தவிர வேறெதுவும் இல்லாத பாறை, அலையாத்திக் காடு மூடிய சேற்றுத் திட்டு, இடிந்த மதிலுக்குள் நல்ல தண்ணீர்க் கிணறு உள்ள மேடு என்று ஒவ்வொன்றாக முப்பது வருஷ ஞாயிற்றுக்கிழமைகளில் கால் வைத்துப் பார்த்தவர். இறங்கக் கூடாத தீவென்றால் தூரத்திலேயே சுற்றிவிட்டுத் திரும்புவார். பேர் தெரியாதவற்றுக்குத் தானே பேர் வைத்தார். ஒன்று கோழிமுட்டை. இன்னொன்று கிழவி பல், ஏனென்றால் தண்ணீர் ஏறினால் இரண்டு கல் மட்டும்தான் வெளியே தெரியும்.

அந்த வீடியோவில் அவர் சொல்வது உண்மையாக நடந்ததுதான். ஆனால் அது தொண்ணூற்று மூன்றில் நடந்தது. கல்யாணமான புதிது. எனக்குப் பன்னிரண்டு வயது, அக்காவோடு ஒட்டிக்கொண்டு நானும் போனேன். இரவல் படகில் கோழிமுட்டைக்குப் போனோம். கரையோரம் நங்கூரத்தைப் போட்டுவிட்டு, அக்கா கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைத் தின்றோம். எங்கள் ஊர்க் கடலிலும் ஏற்றம் வற்றம் உண்டு, ஆனால் முழங்கால் அளவுக்குத்தான். கட்டிய படகு கட்டிய இடத்தில் கிடக்கும். பம்பாயில் இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் தண்ணீர் ஏறி இறங்கும் என்பது, பிறந்ததிலிருந்து கடலில் கிடந்த மனுஷனுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. நானா கடலைப் பற்றி இன்னொருத்தனிடம் கேட்பேன் என்ற திமிர். கை கழுவ வந்தால் கடலைக் காணோம். படகு சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தது. சேற்றில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு கோளிப் பெண், "உங்க ஊர்ல கடல் எங்கயும் போகாதா?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தோம். அக்காவின் புதுச் செருப்பு ஒன்று சேற்றோடு போனது.

அன்றைக்குப் பட்ட ரோஷம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. ஒவ்வொரு வருஷமும் ஜனவரி முதல் தேதி, புதுவருஷப் பூசையில் கொடுக்கும் கோயில் காலண்டரையும், கடல் ஏற்ற வற்ற அட்டவணைப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். டிசம்பர் வரைக்கும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்திலும், புனிதர் பேருக்குக் கீழே, இறங்கும் நேரம், கிளம்பும் நேரம் என்று இரண்டை எழுதுவார். புத்தக நேரத்தை அப்படியே எழுத மாட்டார். தீவு ஓடைகள் முதலில் வற்றும் என்று அவராகக் கழித்த நேரம் அது. கேஸ் சிலிண்டர் வந்த தேதி குறிக்கக்கூட இடமில்லை என்று அக்கா முப்பது வருஷமாகப் புலம்புகிறாள்.

ஜெப்ரி செம்பூரில் பிறந்தவன். அவன் அப்பாவுக்கு எங்கள் பக்கத்து ஊர், கோயிலில் எங்களோடு தமிழ்ப் பூசைக்கு வருகிற குடும்பம். நாலு வருஷத்துக்கு முன் பேங்க் வேலையை விட்டுவிட்டு, சனி ஞாயிறுகளில் ஆட்களைத் தீவுக்குக் கூட்டிப்போகும் கம்பெனி ஆரம்பித்தான். அத்தான் காட்டிய தீவுகள்தான் எல்லாம். கோழிமுட்டை அவன் போஸ்டரில் எக் ஐலண்ட் ஆயிற்று. அத்தானுக்குப் படகில் வேலை செய்யத் துறைமுக ஆபீஸில் பாஸ் வாங்கிக் கொடுத்தான். சமையல் என் பொறுப்பு. ஒவ்வொரு தடவையும் படகு கிளம்பும்போது அத்தான் தன் புளிச்சோற்றுக் கதையைச் சொல்லி எல்லாரையும் சிரிக்கவைப்பார். எங்க ஊர்க் கடல் வீட்டோட கிடக்கும், இந்த ஊர்க் கடல் ரெண்டு ஷிஃப்ட் வேலைக்குப் போகும் என்பார். கடைசியில், "அதனால நான் சொல்ற நேரத்துக்குப் படகுல இருக்கணும்" என்று முடிப்பார். அந்த ஒரு வரிக்காகத்தான் முழுக் கதையும்.

போன ஏப்ரலில், பௌர்ணமிக்கு முந்தின ஞாயிறு. காலண்டரில் கிளம்பும் நேரம் பன்னிரண்டு. இறங்கும்போதே சொன்னார். பதினொன்றரைக்கு இன்னொரு தடவை சொன்னார். பன்னிரண்டுக்கு விசில் ஊதினார். ஜெப்ரி, கம்பெனி டீ-ஷர்ட் போட்டு வந்தவர்களை பறவைகளை நோக்கி ஓடவிட்டுப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். பறவை சரியாகப் பறக்கவில்லை என்று மறுபடி மறுபடி ஓடவிட்டான்.

"மாமா, டென்ஷன் எடுக்காதீங்க. ஆப்ல ஒன்றரை வரைக்கும் தண்ணி காட்டுது. லாஸ்ட் ஒரு ரீல்."

"ஆப் ஹார்பரக் காட்டுதுலே. இந்த ஓடையக் காட்டாது. பன்னெண்டு ஆயிட்டு, எல்லாத்தையும் ஏத்து."

படகு நகர்ந்தபோது பன்னிரண்டே முக்கால். நாற்பது அடி போனது, சேற்றில் உட்கார்ந்தது. சாயந்தரம் ஏழு மணி வரைக்கும் அங்கேயே இருந்தது. அந்த வெயிலில் குடிதண்ணீர் மூன்று மணிக்குத் தீர்ந்துவிட்டது. வந்தவர்களில் ஒருவரின் அம்மா, எழுபது வயது, மயங்கிச் சரிந்தார். அத்தான் தார்ப்பாயைக் கட்டி அந்த அம்மாவை நிழலில் படுக்கவைத்துவிட்டு, இடுப்பளவு சேற்றில் இறங்கி நடந்தார். பெரிய ஓடையில் போன மீன்படகைக் கூப்பிட்டு இரண்டு கேன் தண்ணீரோடு திரும்பி வந்தார். காலெல்லாம் சிப்பி கிழித்த ரத்தம். அந்த அம்மா மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே வீட்டுக்குப் போனார்.

துறைமுக ஆபீஸுக்குப் புகார் போனது. கம்பெனிக்கு நோட்டீஸ் வந்தது. ஜெப்ரி பதில் எழுதினான்: படகில் இருந்த வழிகாட்டி நேரத்தைத் தப்பாகக் கணக்கிட்டுவிட்டார், இவர் முன்பும் இப்படிச் செய்ததாக அவரே ஒப்புக்கொண்ட வீடியோ இணைக்கப்பட்டுள்ளது. அந்தக் கதையை முந்தின வருஷம் அவனே எடுத்து வைத்திருந்தான். வருஷத்தையும் கடைசி வரியையும் வெட்டிவிட்டான். யாரோ அதைப் போனில் போட்டார்கள், பரவிவிட்டது.

நான் செம்பூருக்கே போனேன்.

"ஆன்ட்டி, கம்பெனி மூடுனா யாருக்கு லாபம்? மாமாக்கு ஏஜ் ஆயிடுச்சு. ரெண்டு மாசத்துல சப் லோக், எல்லாருமே மறந்துருவாங்க."

"மறக்கவா அவர் முப்பது வருஷம் போனாவ? நீ அன்னைக்கு ரீல் எடுத்தேன்னு எழுதுலே."

அவன் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அறைந்திருக்க வேண்டும். அறையாமல் வந்தது இன்றைக்கும் கையில் அரிக்கிறது.

விசாரணைக்குக் காலண்டரைத் தூக்கிக்கொண்டு அத்தானோடு போனேன். அந்தக் கட்டத்தில் பன்னிரண்டு என்று இருக்கிறது பாருங்கள் சார் என்றேன். இதை நேற்று ராத்திரிகூட எழுதியிருக்கலாமே என்றார் அதிகாரி. டிசம்பர் வரைக்கும் புரட்டிக் காட்டினேன். படகில் இருந்த ஒருவராவது எழுதித் தரட்டும், பார்க்கலாம் என்றார். பிறகு அத்தானிடம் கேட்டார்: "வீடியோவில் சொல்வது நடந்ததா?"

"நடந்தது சார்" என்றார் அத்தான். வருஷத்தையும் சொன்னார். பக்கத்தில் குறிப்பெடுத்த குமாஸ்தா முதல் வார்த்தையை மட்டும் எழுதிக்கொண்டார்.

இருபத்திரண்டு பேருக்கும் நான் போன் செய்தேன். விசில் சத்தம் கேட்டதா என்று கேட்டேன். கேட்டது என்றார்கள். எழுதித் தருவீர்களா என்றேன். ஆபீஸ் இருக்கிறது, எதற்கு வம்பு, யோசித்துச் சொல்கிறேன். அந்த அம்மாவின் மகன் நான்கு நாளாகப் போனை எடுக்கவே இல்லை. மே மாதம் அத்தானின் பாஸ் ரத்தானது, கம்பெனி தப்பித்துக்கொண்டது. பாஸ் இல்லாதவர் ஆள் ஏற்றும் படகில் வேலைக்குக் கால் வைக்க முடியாது. கோளிவாடாச் சிநேகிதர்கள்கூட, கொஞ்ச நாள் போகட்டும் என்றார்கள்.

மழைக்காலம் முடிந்து அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. அக்கா வீட்டில் இருந்தேன். அத்தான் பட்டறையிலிருந்து இன்னும் வரவில்லை, அவர் போன் அலமாரியில் கிடந்து அடித்தது. எடுத்தேன். ஜெப்ரி.

"மாமா, நாளைக்கு எக் ஐலண்ட். எத்தனை மணிக்கு வெளிய வரணும்?"

ஆப் என்ன ஆயிற்று என்று கேட்டேன். என் குரல் என்றதும் திக்கினான். சுவரில் காலண்டர் எதிரேயே இருந்தது. பத்தே முக்கால் என்று எழுதியிருந்தது.

"அன்னைக்கு மாமா மூணு தடவ சொன்னாவன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டா. பொறவு நேரம் சொல்லுதேன்."

கட் பண்ணிவிட்டான்.

அத்தான் வந்ததும் சொன்னேன். நல்லாச் செய்தாய் என்று சொல்வார் என நினைத்தேன். கையைக் கூடக் கழுவாமல் போனை எடுத்து அவனைக் கூப்பிட்டார்.

"பத்தே முக்கால். அதுக்கு மேல ஒரு நிமிசம் நிக்காத."

அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

"வெக்கமா இல்லையா அத்தான்? அவன் கிட்டப் போயி?"

"அவன் கிட்டயாட்டி சொன்னேன்? படகுல நாளைக்கு இருவது பேரு இருப்பாவல்லா. அவங்க என்ன செஞ்சாவ?"

அவர் சோப்பு எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டார். அவங்க என்ன செஞ்சாவ என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இருந்தது. அன்றைக்கு வந்தவர்கள் விசில் சத்தத்தைக் கேட்டார்கள், அவர் சேற்றில் சுமந்து வந்த தண்ணீரைக் குடித்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். இருபத்திரண்டு பேரின் நம்பரும் இன்னும் என் போனில் இருக்கிறது. இன்றுவரை ஒருவரும் எழுதித் தரவில்லை.