இசக்கி நாற்காலியோரம் வந்து நின்ற நாட்கள்

இன்று காலை, புதிதாகச் சேர்ந்த பையனின் மென்பொருள் நிரலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே மெத்தடை, கணக்குப் போடும் நிரல் துண்டை, இரண்டு தனித்தனி கிளாஸ்களில் அப்படியே காப்பியடித்து வைத்திருந்தான். "பொதுவாக ஓரிடத்தில் வை" என்று எழுதப் போன கை நின்றுவிட்டது. ஈரத் துப்பட்டாவின் வாடை வந்தது. சிரிக்காதீர்கள், எனக்கு நிரலைப் பார்த்தாலும் வாடை வரும்.

அது இசக்கியின் துப்பட்டா. தென்காசியில் ஒரு மாடியறைதான் எங்கள் அலுவலகம். ஆலங்குளத்திலிருந்து பஸ்ஸில் வருவாள், சாரல் நாட்களில் நனைந்துகொண்டு. குற்றாலத்து லாட்ஜுகளுக்கான மென்பொருள் அவளுடையது. எண்ணெய்க் குளியல் நிலையங்களுக்கானது என்னுடையது. சீசன் கட்டணம் போடும் மெத்தட் மட்டும் இரண்டிலும் ஒன்றே; அவள் எழுதியதை நான் அப்படியே காப்பியடித்து வைத்திருந்தேன். விதிகளை அதற்குள்ளேயே எழுதிவைத்திருந்தோம், அவ்வளவு புத்திசாலிகள். அதனால் அவள் ஒன்றைத் திருத்தினால், எழுந்து வந்து என்னிடம் சொல்லியாக வேண்டும்.

அந்த ஆனியில் எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது. என்னை விட்டுவிட்டு வேறு தோழிகளோடு ஐந்தருவிக்குக் குளிக்கப் போய்விட்டாள், இவ்வளவுதான் சங்கதி. நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன்; அவளும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனாலும் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டால் என் நாற்காலியோரம் வந்து நிற்பாள்.

"ஏட்டி, அருவில குளிக்க விடல. ரேட்ட கொறச்சிட்டேன், நீயும் மாத்திக்கோ."

"சரி" என்பேன், திரையைப் பார்த்தபடியே. அவள் வந்து சொல்லும் அந்த ஒரு பேச்சுக்காகக் காலையிலிருந்து காத்திருந்திருப்பேன். அடுத்த முறை நிச்சயம் சிரித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு வண்டி நிறுத்துமிடத்துக்கும் மென்பொருள் கேட்டு வந்தார்கள். "ஒரே சங்கதிய எத்தன இடத்துல எழுதுவிய? ஒரு இடத்துல வைங்க" என்றார் முதலாளி அண்ணாச்சி. இசக்கிதான் செய்தாள். அந்த மெத்தடைத் தனியே பிரித்து டிரெய்ட் என்ற பொதுத் தொகுப்பில் வைத்தாள்; எந்தக் கிளாஸும் ஒரே வரியில் அதை எடுத்துக்கொள்ளலாம், அங்கே ஒரு முறை திருத்தினால் எல்லாவற்றிலும் மாறிவிடும். அழகான வேலை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த மழைக்கு அருவியில் மறுபடி தடை. சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தேன். என் திரையில் கட்டணம் ஏற்கெனவே குறைந்திருந்தது. இசக்கி தன் இடத்திலேயே இருந்தாள்.

சீசன் முடியும் முன்னே வேறு வேலை கிடைத்துப் போய்விட்டாள். அந்த அலுவலகமும் இப்போது இல்லை. அவள் என் நாற்காலியோரம் வந்து பேச இருந்த ஒரே சாக்கு, அந்த டிரெய்ட்டை எழுதிய மத்தியானத்தோடு போயிற்று.