நான் அடித்துவிட்ட வரி

ஒரு பெண்ணின் வேலையைப் பறித்தவன் நான். அவள் தவறு எதுவும் செய்யவில்லை. நான் எழுதிய ஆறு பக்க அறிக்கைதான் பறித்தது!

எழுபதுகளின் தொடக்கம். போர்ட் பிளேரில் பள்ளிகளைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் உத்தியோகம். ரேடியோ வழியாகப் பாடம் சிறப்பாக நடக்கும் ஒரு பள்ளியைப் பற்றி, மற்றவர்கள் பின்பற்றும்படி எழுதித் தரச் சொன்னார்கள். கப்பலேறி, தெற்கே இன்னொரு தீவிலிருந்த ஹட் பே போனேன்.

குடியேறிய வங்காளிகளின் பிள்ளைகள், ரேடியோவில் கேட்ட பாடத்தை மணிமணியாய் ஒப்பித்தார்கள். அசந்துபோனேன். அங்கே இரண்டாவது ஆசிரியையாக, தற்காலிகமாக இருந்த தூத்துக்குடிப் பெண் பிலோமினாதான் உண்மையைச் சொன்னாள்.

"ரேடியோக்காரரு சுத்த ஹிந்தில பேசிட்டுப் போயிருவாரு சார். புள்ளையளுக்கு ஒண்ணும் வெளங்காது. முடிஞ்சதும் நாந்தான் நம்ம பஜார் ஹிந்தில திருப்பிச் சொல்லுவேன். அத ஒரு வரி எழுதுங்க சார்... வேல பெர்மனென்ட் ஆவும்."

எழுதினேன். சத்தியமாக எழுதினேன்! போர்ட் பிளேர் திரும்பி, மரைன் ஹில் குவார்ட்டர்ஸில் வாசித்துப் பார்த்தபோது அந்த வரி உறுத்தியது. ரேடியோவின் வெற்றி என்று ஐந்து பக்கம் அளந்துவிட்டு, ஆறாவதில் ஆசிரியையைப் புகழ்ந்தால் அறிக்கை எடுபடுமா? பேனாவை எடுத்தேன். அடித்தேன்.

யாரும் என்னை வற்புறுத்தவில்லை. பாராட்டு வேண்டியிருந்தது... அவ்வளவுதான்.

பாராட்டு வந்தது. கூடவே ஓர் உத்தரவும் வந்தது. ரேடியோவே கற்பிக்கும்போது, அந்தப் பள்ளிக்கு இரண்டாவது ஆசிரியை எதற்கு?

ஊர் திரும்ப, மெயின்லேண்ட் கப்பலில் ஏற அவள் போர்ட் பிளேர் வந்தாள். ஜெட்டியில் என்னைப் பார்த்துவிட்டாள். ஒளிந்துகொள்ள இடமில்லை.

"சார், அந்த ஒரு வரி எழுதுனீங்களா?"

"எழுதினேன்மா."

"அப்பவே நெனச்சேன். நீங்க எழுதியும் அவுங்க கேக்கலியே சார், நீங்க என்ன செய்வீங்க!" என்று கைகூப்பினாள்.

அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டேன். கேட்கிறீர்களா? வாங்கிக்கொண்டு, அவள் டிரங்குப் பெட்டியைக் கப்பல் படிவரை நானே தூக்கியும் கொடுத்தேன்...

அதற்கும் நன்றி சொன்னாள்.