ஐந்தாம் மேசை ராந்தேவூ

ஜெராம் கடலோரத்தில் கனி பாயின் சாப்பாட்டுக் கடை. நான்காம் மேசை நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்காருகிறார் கலாவதி. கழுத்தில் அளவு டேப் தொங்குகிறது. முதுகுக்குப் பின்னால், ஐந்தாம் மேசையில், ஒரு பையனும் பெண்ணும் முதல்முறையாகச் சந்திக்கிறார்கள். கலாவதி பார்க்க மாட்டார். காதை மட்டும் அங்கே வைத்திருப்பார்.

ரவிக்கை தைப்பது தொழில். அளவெடுக்கும்போது பேச்சோடு பேச்சாக ஒட்டிக்கொண்டது வரன் சேர்க்கும் வேலை. "பொண்ணு பாக்குறதுன்னா ஒரு பக்கந்தானே பாக்குது? இது ராந்தேவூ லா!" என்பார்.

அந்தச் சொல்லைத் தந்தவள் அன்பரசி, அவர் வரன் சேர்த்து வைத்த ஆசிரியை. பிரெஞ்சில் அதற்கு 'வந்து நில்லுங்கள்' என்று பொருளாம். முதலில் படைகள் கூடும் இடத்தைச் சொன்னது, பிறகு காதலர் சந்திப்பை; இப்போது விண்கலங்கள் வானத்தில் சேர்வதற்கும் அதே பெயர். கேட்டதும் கலாவதி தொடையில் தட்டிச் சிரித்தார்.

"அட, நம்ம தோட்டத்துப் பெரட்டு!"

விடியுமுன் தோட்டத்துக் கண்காணியான மண்டோர் பேர் கூப்பிட, கலாவதியின் அம்மா தாயம்மா வேலைக்கு வந்து நின்ற வரிசை அது.

"பத்து நிமிஷம் பிந்துனா, ஆள் வரலைன்னு எழுதிருவேன்" என்று சந்திக்க வருகிறவர்களை மண்டோர் போலவே மிரட்டுவார்.

பெண்களிடம் மட்டும் ஒரு ரகசியம் சொல்லி வைப்பார்: "ஆளு பிடிக்கலைன்னா ஐஸ் மைலோ கேளு." மைலோ என்று காதில் விழுந்ததும், "ஐயோ, பஸ்ஸு போயிரும், வாம்மா!" என்று எழுந்துவிடுவார். பெண் வந்திருப்பதோ சொந்தக் காரில். விஷயம் தெரிந்த கனி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சிரிப்பார்.

கலாவதியின் கணவர் இறந்து பதினோரு வருடம். இந்த முறை கனி அவரை விடவில்லை.

"பதினேழு ஜோடிக்கு முதுகு காட்டி உக்காந்தாச்சுக்கா. ஒரு தடவ திரும்பி உக்காருங்க."

பக்கத்து ஊர் ஈஜோக்கில் செம்பனைத் தோட்டம் போட்டிருக்கும் சின்னையாவை அவருக்காகப் பார்த்து வைத்திருந்தார்; அவரும் துணையை இழந்தவர்தான்.

"அந்த ஆளு வரலைன்னா ஊரே சிரிக்கும். அப்புறம் ஒன் கடப் பக்கமே வர மாட்டேன், பாத்துக்க" என்றார் கலாவதி.

ஞாயிறு நாலு மணிக்குச் சந்திப்பு. கலாவதி கால் மணி முன்னதாகவே வந்தார். மாம்பழ நிறப் புடவை; கழற்ற மறந்த டேப் கழுத்திலேயே இருந்தது. ஐந்தாம் மேசையருகே வெள்ளைச் சட்டையில் ஒருவர், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏன் நிக்கிறீங்க?"

"வந்து நிக்கணும்னு கனி பாய் சொன்னாருங்க. அரை மணி நேரமா நிக்கிறேன். உக்காரலாங்களா?"

கலாவதிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சின்னையாவுக்கும் தொற்றிக்கொண்டது. இருவரும் உட்கார்ந்தார்கள், எதிரெதிராக.

கனி மெல்ல வந்து, முகத்தில் ஒன்றும் காட்டாமல், கலாவதியின் முன்னால் ஒரு குவளை ஐஸ் மைலோவை வைத்தார்.

சின்னையா செம்பனைக் குலைகளைத் தின்ன வரும் எலிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், கலாவதி புறங்கையால் குவளையை மேசை ஓரம்வரை தள்ளிவிட்டார்.