முனிக்குப் போட்ட திரை

“...படமெண்டு நீர் சொல்லுறீர் தம்பி. கண்ணை வைச்சிட்டீரே! உவர் பாக்கிறார். உவருக்கு முன்னாலை இருந்து நான் எப்பிடி மீன் வெட்டுறது?”

போன வைகாசியில், தொண்டைமானாற்றுக்குக் கிட்ட ஒரு சந்தியில், மீன் விற்கிற அக்கா என்னைக் கேட்ட கேள்வி இது. நான் ஒருவரிடமும் படிக்காமல் படம் கீறப் பழகியவன். ஊர்ச் சனம் சொல்கிற கதைகளைத்தான் கீறுவேன். மத்தியானத்தில் பனங்கூடலுக்குள்ளிருந்து வெள்ளைக் குதிரையில் கடலுக்குக் குளிக்கப் போகிற முனியின் கதையை எனக்குச் சொன்னதே இந்த அக்காதான். வாசிகசாலைச் சுவர் நிழலில்தான் அவ பதினைந்து வருடமாக மீன் விற்கிறா. அவ மகள் வீட்டுக்குப் போயிருந்த கிழமை பார்த்து, வாசிகசாலைக்காரரிடம் கேட்டு, அந்தச் சுவரிலேயே முனியைக் கீறிவிட்டேன். வந்து பார்த்துச் சந்தோசப்படுவா என்று நினைத்தேன்.

வந்தா. செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டா. பிறகு மீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்க வெயிலில் போய் இருந்துவிட்டா. ஏனென்று கேட்கப் போனபோதுதான் அந்தக் கேள்வி.

வெயிலுக்கு மீன் வாடத் தொடங்கியது. எந்நாளும் வருகிற சனம் சுவரடியைப் பார்த்துவிட்டு, அவ இல்லையென்று திரும்பிப் போனது.

ஓட்டோக்கார அண்ணை பகிடி விட்டார். “முனிக்குக் கருவாடு படைக்கிறனீங்கள்தானே! பச்சை மீன் மட்டும் ஆகாதோ?”

“படைக்கிறது வேறை, மூஞ்சைக்கு முன்னாலை செதில் உரிக்கிறது வேறை. நீர் சாப்பிடேக்கை உம்மடை சோத்துக் கோப்பைக்கு முன்னாலை வந்து உரிக்கட்டோ?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சரி, அழித்துவிடுவோம் என்று வெள்ளைப் பெயின்ற் வாளியைத் திறந்தேன். அப்படியொரு குதிரையை நான் அதற்கு முன்னம் கீறியதில்லை. அக்கா ஓடிவந்து கையைப் பிடித்தா.

“விசரே உமக்கு? திறந்த கண்ணை மூடுறதோ?”

வைத்திருக்கவும் ஏலாது, அழிக்கவும் ஏலாது. தூரிகையோடு நின்றேன்.

அவ கொஞ்ச நேரம் முனியையே பார்த்தா. பிறகு, தலைக்கு மேலே இரண்டு ஆணி அடிக்கச் சொன்னா. என் படத்தில் நானே ஆணி அடித்தேன். அன்று என் படத்துக்கு நடந்தது மரியாதையா, அவமரியாதையா என்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. எந்தப் படத்துக்கும் கண் வைக்கப் போகும்போது மட்டும் கை கொஞ்சம் நின்றுதான் போகிறது.

அக்கா வீட்டிலிருந்து தோய்த்த சீலையொன்றைக் கொண்டுவந்து, ஆணிகளுக்கிடையில் கயிறு கட்டி, கோயில் திரை போல இழுத்து மூடினா. “குளிக்கப் போற நேரத்துக்குத் திறந்து விடுறன், ஐயா” என்று அவரிடம் சொல்லிவிட்டு, தன் பழைய இடத்தில் குந்தி முதல் மீனை வெட்டினா.