இடது கைக் கவசம்

அக்கா என்னைக் கூடத்தின் நடுவில் நிற்க வைத்து, கழுத்திலிருந்து இடுப்புவரை மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன்மேல் பழுப்பு டேப்பை வரிவரியாக ஒட்டினாள். கைகளைப் பக்கவாட்டில் நீட்டியபடி முக்கால் மணி நேரம் நின்றேன். காற்றில் டேப் சுருண்டுகொள்கிறது என்று மின்விசிறியையும் நிறுத்தியிருந்தாள். ஒட்டி முடித்ததும் மார்க்கர் பேனாவால் தோள், விலா, இடுப்பு என்று கோடுகள் போட்டாள். பிறகு முதுகுப் பக்கம் கத்தரிக்கோலை நுழைத்து மேலிருந்து கீழாக வெட்டினாள். இரும்பின் குளிர்ச்சி முதுகெலும்பு நெடுக இறங்கியதும், "அசையாதடி, ஒன்ன வெட்டிட்டா எனக்கு வேற ஆள் கிடையாது" என்று அவள் சிரித்ததும் அப்படியே நினைவிருக்கின்றன. கழற்றிய கூடு என் உடம்பின் வடிவில் தரையில் நின்றது. அதைத் துண்டுகளாக நறுக்கி விரித்தால் கவசத்துக்கான அளவுத் தாள்கள் கிடைத்துவிடும்.

கவசம் அவளுக்கு. அளவு மட்டும் என்னுடையது. சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அக்காவுக்கு இருபத்தாறு வயதில் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துபோயின. வேலையை விட்டுவிட்டு நெய்வேலிக்கு, அப்பாவின் குவார்ட்டர்ஸுக்கே திரும்பி வந்தாள். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் நடுவில் உடம்பில் நீர் கோத்து மூன்று கிலோ ஏறிவிடுவாள். முகமே வேறாகிவிடும். இயந்திரத்திலிருந்து இறங்கிய மறுநாள் கன்னம் ஒட்டி, ரவிக்கை தொளதொளவென்று தொங்கும். எந்த நாளின் உடம்புக்கு அளவெடுப்பது? எனக்கும் அவளுக்கும் ஒரே உயரம், ஒரே தோள். அதனால் என்னை நிற்க வைத்தாள். "மைன்ஸுல தண்ணி எறைச்சுக்கிட்டே இருந்தாத்தான் நிலக்கரி. நானும் அப்படித்தான்" என்பாள். அம்மா அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவாள்.

நோய்க்கு முன்பு ஒரு முறை, சென்னையில் தாங்களே செய்த வேடத்தைப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் கூடும் காஸ்ப்ளே விழாவுக்கு அவளுடைய தோழிகள் அவளைக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அட்டையிலும் நுரை ஷீட்டிலும் செய்ததென்று தெரியாதபடி இரும்பாகவே தோன்றிய கவசங்களை அங்கே பார்த்ததிலிருந்து தானும் ஒன்று செய்ய வேண்டும் என்று இருந்திருக்கிறாள். படுக்கையில் கிடந்தபோது அந்த ஆசை முற்றியது. யாரோ வரைந்த கதாபாத்திரம் வேண்டாம் என்று தானே ஒன்றைக் கற்பனை செய்தாள். மண்ணுக்கடியிலிருந்து ஏறி வரும் ஒரு காவல்காரி. கையில் கேடயம், எங்கள் ஊர்ச் சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சதச் சக்கரத்தின் வடிவில்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கவசம் தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன், மருத்துவமனைத் தாழ்வாரத்தில் டாக்டர் எங்கள் நான்கு பேரையும் நிறுத்திப் பேசினார். அம்மாவுக்குச் சர்க்கரை, அவளால் சிறுநீரகம் தர முடியாது. அப்பாவின் இரத்த வகை சேரவில்லை. "கூடப் பிறந்தவங்க யாராவது?" என்று கேட்டார். நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். "சின்னவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டு இருக்கோம் டாக்டர்" என்றாள் அம்மா. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த, கை கழுவும் முறை பற்றிய படத்தைப் பார்த்தேன். ஆறு படங்கள். ஆறையும் படித்தேன். படித்து முடித்தபோது பேச்சு வேறு எதற்கோ போயிருந்தது. அக்கா சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, தன் செருப்பின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அதன்பிறகு அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை.

வடலூரில் செருப்பு செய்யும் ஷீட் விற்கும் கடையிலிருந்து கறுப்பு நுரை ஷீட்டுகளை வாங்கி வந்தோம். மந்தாரக்குப்பத்தில் பை தைக்கிறவரிடம் கொக்கியும் வாரும் வாங்கினோம். "இவ்ளோ கொக்கி வாங்கிகினு போறீங்களே, எத்தினி பை தைக்கப் போறீங்க?" என்று அவர் கேட்டார். "ஒரே ஒரு பைதாண்ணே, உள்ள நான் இருப்பேன்" என்றாள் அக்கா. ஷீட்டைச் சூடுபடுத்தி, தொடையில் வைத்து வளைத்து, மஞ்சள் பசையால் ஒட்டுவாள். பசையின் நெடிக்கு ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு நான் விசிறுவேன். தலைக்கவசத்தின் கண் பகுதிக்குத் தன்னுடைய பழைய எக்ஸ்ரே பிலிமையே வெட்டிப் பொருத்தினாள். "எனக்குள்ள பார்த்தது போதும், இனி நான் வெளிய பார்க்கிறேன்" என்றாள்.

இடது கைதான் அவளைப் படாதபாடு படுத்தியது. டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக முன்கையில் இரத்த நாளங்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். விரல் வைத்தால் தோலுக்கடியில் பூனை உறுமுவதுபோல ஓர் அதிர்வு ஓடிக்கொண்டே இருக்கும். அது நின்றால் ஆபத்து. அந்தக் கையில் வளையல்கூடப் போடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். முதலில் செய்த கைக்கவசத்தைத் தளர்வாகத்தான் கட்டியிருந்தோம். ஒரு மணி நேரம் போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருந்தவள் திடீரென்று, "கத்தரி எடு" என்றாள். அவள் உடம்பில் நீர் ஏறியிருந்த நாள் அது. வார் சதைக்குள் புதைந்திருந்தது. நான் வெட்டிப் பிரித்தேன். இருவரும் மாறி மாறி விரல் வைத்துப் பார்த்தோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மிக மெதுவாக, எங்கோ தூரத்தில் மோட்டார் ஓடுவதுபோல, அது வந்தது. அக்கா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று மட்டும் சொன்னாள். அடுத்த வாரம் அவள் செய்த கைக்கவசம் உள்பக்கம் முழுதும் திறந்திருந்தது. மணிக்கட்டிலும் முன்கையிலும் படாமல், தோளிலிருந்து இரண்டு பட்டைகளில் தொங்கியது.

அப்பா சுரங்கத்தில் அந்தச் சக்கர இயந்திரத்தில்தான் வேலை பார்த்தார். நோய் வந்ததிலிருந்து அக்காவிடம் சரியாகப் பேசாதவர் ஷிப்ட் முடிந்து வந்த ஒரு மத்தியானம், சட்டையைக்கூடக் கழற்றாமல், கேடயத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "பல்லு இப்படி நேரா இருந்தா மண்ணு கடிபடாதும்மா, வழுக்கும்" என்றார். ஸ்கேலும் பென்சிலும் கேட்டு வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். சாயங்காலம்வரை ஒவ்வொரு பல்லாகச் சாய்வு குறித்துக் கொடுத்தார். அவர்கள் இருவரும் அத்தனை நேரம் சேர்ந்து உட்கார்ந்திருந்ததை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

சென்னையில் அந்த விழாவில் நடக்கும் வேடப் போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கையில், டயாலிசிஸுக்கு மறுநாளான ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முழு வேடத்தையும் போட்டு நடந்து பார்த்தோம். மரங்கள் அடர்ந்த எங்கள் பிளாக் தெருவில் மைதானம்வரை போய்த் திரும்ப வேண்டும். தண்ணீர் அளவாகத்தான் குடிக்க வேண்டும் என்பதால் ஒரு டப்பாவில் ஐஸ் கட்டிகளோடு நான் கூடவே நடந்தேன். பால் வாங்கி வந்தவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். போகும்போது நன்றாகத்தான் நடந்தாள். மைதான வாசலில் நின்றாள். தலைக்கவசத்துக்குள் அவள் மூச்சு அறுபடும் சத்தம் கேட்டது. கழற்றிவிட்டேன். உதடு வெளுத்திருந்தது. சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து ஓர் ஐஸ் கட்டியை வாயில் போட்டுக் கரைத்தாள். பிறகு, "நீ போட்டுக்கிட்டுப் போடி. ஒன் அளவுதானே" என்றாள்.

நான் உடனே சரி என்றேன். அவள் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன் என்றுகூடத் தோன்றுகிறது. அவள் என்னிடம் கேட்டது இதைத்தான், இதை மட்டும்தான் என்ற நிம்மதி என் குரலில் இருந்தது. அது அவளுக்குக் கேட்டிருக்கும். என் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "அவ்வளவு பயப்படாத" என்றாள். மேடையேறுவதைச் சொல்கிறாள் என்று நான் நடித்தேன்.

சென்னைக்கு நான் போனேன். மேடையில் இரண்டு முறை திரும்பச் சொன்னார்கள். கேடயத்தின் பற்களைத் தொட்டுப் பார்த்தார்கள். "இடது கை மட்டும் ஏன் பாதி திறந்திருக்கு?" என்று நடுவர் ஒருவர் கேட்டார். "அக்காவுக்காகச் செஞ்சது" என்றேன். பரிசு இல்லை. திரும்பி வந்ததும் அக்கா என்னை உட்கார வைத்து எங்கே உறுத்தியது, எந்த வார் தளர்ந்தது, தலைக்கவசத்துக்குள் வைத்திருந்த சின்ன விசிறி எவ்வளவு நேரம் ஓடியது என்று ஒன்றுவிடாமல் கேட்டாள். அடுத்ததில் சரிசெய்துவிடலாம் என்றாள். மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். ஒன்பதாம் நாள் போய்விட்டாள்.

சென்ற ஆண்டு அப்பா ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்ததால் நானும் என் கணவர் வீட்டிலிருந்து வந்திருந்தேன். சாமான்கள் லாரியில் ஏறியபின், வெறும் கூடத்தில் நானும் அப்பாவும் மட்டும் நின்றோம். அப்பா சுவரைப் பார்த்தபடி பேசினார்.

"அன்னைக்கு டாக்டர் கேட்டப்ப நானாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். ஒன்ன ஒளிச்சு வச்சது நாங்கதாம்மா. அத நீ மனசுல வச்சுக்காத."

இத்தனை ஆண்டுகள் யாராவது இதைச் சொல்ல மாட்டார்களா என்று நான் காத்திருந்தேன். சொல்லிவிட்டார். ஆனால் அதை எடுத்துக்கொள்ள முடியவில்லை.

"நீங்க ஒளிச்சு வைக்கலப்பா. நானேதான் ஒளிஞ்சுக்கிட்டேன்" என்றேன்.

அப்பா அப்படியில்லை என்று மறுக்கவில்லை. அதற்காக அவரிடம் எனக்கு இன்றும் நன்றி உண்டு.