மூணு மூட்டைப் பல்

எங்கள் வீட்டில் பல் என்றால் முதலில் பூண்டுதான். தேனி மார்க்கெட்டில் அப்பாவுக்குப் பூண்டு மண்டி. 'பல்லு பெருசா இருக்கா', 'பல்லு காஞ்சிருச்சா', 'பல்லு உதிராம வந்துச்சா' என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவள் நான். அப்படிப்பட்ட வீட்டுப் பெண் பல் மருத்துவம் படிக்கிறேன் என்றால் குதித்துக் கொண்டாட வேண்டாமா? அப்பா கொண்டாடவில்லை.

நீட் மார்க் வந்த அன்றே எம்.பி.பி.எஸ். இல்லை என்று தெரிந்துவிட்டது. பி.டி.எஸ். கண்டிப்பாகக் கிடைக்கும். அப்பாவோ இன்னொரு வருடம் உட்கார்ந்து படிக்கச் சொன்னார். ஏற்கெனவே இரண்டு வருடம் உட்கார்ந்தாயிற்று. மூன்றாவது வருடமும் தவளையின் இதயத்தில் எத்தனை அறை என்று படித்தால் என் இதயம் நின்றுவிடும் என்றேன்.

"முப்பத்திரண்டு பல்லுக்கு அஞ்சு வருசப் படிப்பா ஆத்தா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அதோடு சரி, வாயைத் திறக்கவில்லை. அவர் சுபாவமே அப்படித்தான். காலில் மூட்டை விழுந்தால்கூட வாயைத் திறக்க மாட்டார். அந்த மாதம் முழுக்க சாயங்காலம் வந்து முறுக்கைக் காபியில் முக்கி முக்கித் தின்றுகொண்டிருந்தார். என் மேல் உள்ள கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாதான் ஒரு வழி சொன்னாள். கவுன்சிலிங்கில் எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்று லிஸ்ட் போட இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் ஆஸ்பத்திரி வேலை எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு வா என்றாள். அப்பா தலையை ஆட்டினார். நான் சுற்றி முடித்து எம்.பி.பி.எஸ்.ஸுக்கே திரும்பி வருவேன் என்று அவர் கணக்கு.

லேபில் நான்கு நாள் இருந்தேன். ரத்தத்தைப் பார்த்து மயக்கம் வரவில்லை, அதுவே எனக்குப் பெருமை. ஆனால் நாள் முழுக்க குழாய்களின் முகத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. பிசியோதெரபியில் ஒரு தாத்தாவுக்குக் கையைத் தூக்கி இறக்குவதை எண்ணச் சொன்னார்கள். அவர் மூன்றுக்கு அடுத்து ஏழுக்குத் தாவினார். நான் திருத்தினேன், அவர் என்னை முறைத்தார். மருந்துக் கடையில் டாக்டர்களின் கையெழுத்தைப் படிக்க முடியாமல் அரை நாளில் கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

கடைசியாகப் போனது ஒரு பல் கிளினிக். முன்மேசையில் இருக்கும் அக்கா லீவில் போயிருந்ததால் டாக்டரம்மா என்னை அங்கே உட்காரவைத்தார். முதல் நாளே கன்னம் வீங்கிப்போய் ஒருவர் வந்தார். பேச முடியாமல் எல்லாம் சைகைதான். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தவர், நான் கேட்காமலே தன் தோட்டத்தில் வாழை தார் தள்ளியது, மருமகன் ஊருக்கு வந்தது என்று எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் செருப்பு மாட்டினார். எனக்கு அப்படியொரு சந்தோஷம். உள்ளே போகும்போது சைகை, வெளியே வரும்போது ஊர்க்கதை. இந்த வேலைதான் எனக்கு என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

வர வேண்டிய நாளை ஞாபகப்படுத்த நோயாளிகளுக்கு என் போனிலிருந்தே பேசுவேன். அவர்களும் அதே நம்பருக்குத் திருப்பிக் கூப்பிடுவார்கள். அந்த நம்பர் முன்பு அப்பாவுடையது, பழைய போனோடு எனக்கு வந்தது. இதை நான் மறந்தே போயிருந்தேன்.

கல்லூரி லிஸ்ட்டை இனி மாற்ற முடியாதபடி லாக் பண்ணக் கடைசி நாளுக்கு முந்தின நாள் ஒரு போன் வந்தது. "பாப்பாவா? பல்லெல்லாம் ஆடுது தாயி" என்றது ஒரு குரல்.

"எத்தன நாளா ஆடுது?"

"ஒரு வாரமா. தொட்டா உதிருது."

"வலி இருக்கா?"

"வலிக்காம இருக்குமா? வயிறெரியுது."

"பாக்க எப்படி இருக்கு?"

"மேல வெள்ளையாத்தான் இருக்கு. அடியில பூராம் கருப்பு."

பாவம், ரொம்ப முற்றிவிட்டது என்று நினைத்தேன். "பயப்படாதீங்க. உப்புத் தண்ணி வச்சு வாய் கொப்பளிங்க. நாளைக்கு இங்கன வாங்க. கெட்டத எடுத்துட்டுப் புதுசு வச்சுக் குடுத்துருவோம்" என்றேன்.

"மாத்திக் குடுத்துருவீகளா?" என்று அந்தக் குரல் மலர்ந்துபோனது. "நல்லா இருப்ப தாயி."

மறுநாள் காலை அம்மா கொடுத்த டிபன் டப்பாவோடு மண்டிக்குப் போனால், வாசலில் மூன்று மூட்டைப் பூண்டு. மூட்டைகளுக்குப் பக்கத்தில், கோம்பை ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர், அப்பாவிடம் வெகுகாலமாகச் சரக்கு எடுப்பவர். குரலைக் கேட்டதும் நேற்று போனில் பேசியவர் என்று தெரிந்துவிட்டது.

"பாப்பாதான் மாத்தித் தர்றேன்னு சொல்லுச்சு" என்று என்னைக் கை காட்டினார்.

அப்பா திரும்பினார். "நீ சொன்னியா?"

"சொன்னேம்ப்பா. பல்லுன்னு நெனச்சுட்டேன்."

"பல்லுதான?"

"வாய்ல இருக்குற பல்லு."

கோம்பைக்காரருக்குத்தான் முதலில் விளங்கியது. "அதான் எத்தன நாளா, வலிக்குதான்னெல்லாம் கேட்டுச்சா? அதான் உப்புத் தண்ணியா? பூண்டு உதிர்றதுக்கு நம்ம எதுக்குக் கொப்பளிக்கணும்னு வீட்டுல கேட்டாக. எனக்கும் பதில் தெரியல."

"கொப்பளிச்சீகளா?" என்றார் அப்பா.

"பாப்பா அவ்வளவு அக்கறையா சொல்லும்போது கொப்பளிக்காம இருக்க முடியுமா?"

மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் சிரிக்க, அப்பாவும் வெடித்துச் சிரித்தார். சிரித்தவர் சட்டென்று நிறுத்தி வலது கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். கிளினிக் மேசையில் உட்கார்ந்த பத்து நாளில் அந்தப் பிடியை எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். காபியில் முக்கிய முறுக்கு அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதில் கோபம் ஒன்றும் இல்லை. மெல்ல முடியவில்லை.

"ஏலே, மூணு மூட்டையும் நல்ல சரக்கா மாத்திக் குடுங்க. எம்பொண்ணு வாக்குக் குடுத்துருக்கு" என்றார். கோம்பைக்காரர் போனதும் உள்ளே மூட்டைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தார். நான் டிபன் டப்பாவைத் திறந்தேன். அவர் அதை ஒதுக்கி வைத்தார்.

"ஆத்தா, அந்தாளுகிட்டக் கேட்டியே, அதையெல்லாம் எங்கிட்டயும் கேளு."

டப்பாவை மூடினேன். "எத்தன நாளாப்பா?"

"ரெண்டு மாசம்."

"வலி?"

"தூங்க முடியல."

"மேலயா, கீழயா?"

அப்பா வாயைத் திறந்தார்.

போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். வலது பக்கம், கீழ்க் கடைவாய்ப் பல்லில் பெரிய குழி. அந்தக் குழிக்குள் கச்சிதமாக நறுக்கித் திணித்த ஒரு துண்டுப் பூண்டு. பல்லுக்குள் பல். சுற்றிலும் ஈறு வெந்து சிவந்திருந்தது.

"நம்ம சரக்காப்பா?"

"பின்ன, அடுத்த கடையிலயா வாங்குவேன்?"

சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இன்றைக்கே கிளினிக்குக் கூட்டிப்போகிறேன், டாக்டரம்மா பார்த்துக்கொள்வார் என்றேன்.

"அவுக எடுப்பாக. நீ எப்ப எடுப்ப?"

"அஞ்சு வருசம் ஆகும்ப்பா."

அப்பா நாக்கால் அந்தப் பல்லை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அப்ப இது ஒண்ண அவுககிட்டக் குடுத்துருவோம். மிச்சம் முப்பத்தொண்ணு இருக்கு. அத ஒனக்குன்னு வச்சுருக்கேன், போயி லிஸ்டப் போடு."

எங்கே போவது? அங்கேயே ஒரு பூண்டு மூட்டை மேல் உட்கார்ந்து, போனில் ஒட்டியிருந்த தோலை ஊதிவிட்டு, லாக் பண்ணினேன்.